தாழ்ப்பாள் மசோதா

வல்லம் வடகாலில் காருக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்று உண்டு. பெயர் கெட்டில்ரன். அதன் நான்காம் லைனில் நாற்பத்தாறு பெண்கள். அவர்களுக்கு மூன்று கழிப்பறைகள். அதில் இரண்டில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டியாகிவிட்டது. மூன்றாவதற்குக் கதவு இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. விஷயம் இவ்வளவுதான். இதற்காக அமெரிக்க அரசியல் சட்டம் கடல் தாண்டி ஓரகடம் ரோட்டுக்கு வந்து சேர்ந்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, நம்பாமலே படியுங்கள்.

கதவு லேசில் மூடி நிற்காத ஜாதி. விட்டால் 'ஙீ' என்று வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளும். எனவே ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று முதுகை முட்டுக்கொடுக்க வேண்டும். லைனை விட்டு நகர்வதற்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டோக்கன் வேண்டும். லைனுக்கு மொத்தமே இரண்டு டோக்கன்கள். ஒன்றுக்கு நான்கு நிமிஷம். நான்கு நிமிஷத்தைத் தாண்டினால் மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் கேட்டுக்கு வெளியே.

கோவில்பட்டிப் பக்கத்துத் தங்கமாரிக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ. இரண்டுமே அவள் போனதற்காக வந்தவை அல்ல. பாண்டிச்செல்விக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு வந்தவை. இருவரும் பென்னலூரில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். தன்னால் அக்காவின் வேலை போய்விடும் என்று பயந்த பாண்டிச்செல்வி, ஷிஃப்டில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைம், ஒரு வாய் தண்ணீர் கிடையாது. ஆனி மாதத்துக்குள் இரண்டு தடவை ஸ்ரீபெரும்புதூரில் குளுக்கோஸ் ஏற்றியாயிற்று. "இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி பேசும், நான் பேசமாட்டேன்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

தங்கமாரி சும்மா இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். படப்பை இரும்புக்கடையில் ஒரு தாழ்ப்பாளை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கேட்டில் மெஷின் கத்தியது. 'உலோக ஆயுதம்' என்று எழுதி அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு மெயின்டெனன்ஸ் முனிரத்தினத்திடம் போனாள்.

"தாப்பாளா? ஸ்டோர்ல பொட்டி நெறய கீதும்மா" என்றார் அவர். "நாலு ஸ்க்ரூ. அஞ்சி நிமிசம். சூப்பர்வைசரு ஒரு சீட்டு எழுதிக் குட்தா இப்பவே வந்து மாட்டிட்றேன்."

சூப்பர்வைசர் நடேசன் உள்ளூர்க்காரர். அவருடைய நிலத்தின் மேல்தான் மூன்றாம் லைன் நிற்கிறது என்று சொல்வார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"போன வாரம் வரிக்கும் நான்தான்மா எழுதிக்கினு இருந்தேன். இப்போ டெமாக்ரசி வந்துட்ச்சி. இனிமே நான் எழுதக்கூடாதாம்."

வந்துதான் விட்டது. கம்பெனியின் தலைமை அலுவலகம் அமெரிக்காவில், ஒஹையோவில் இருக்கிறது. அங்கே யாரோ ஒரு புண்ணியவானுக்கு, தங்கள் நாட்டைத் தூக்கி நிறுத்தியது தங்கள் ஆட்சிமுறைதான் என்று தோன்றியிருக்கிறது. அதையே ஃபாக்டரிகளுக்கும் கொடுத்தால் என்ன என்று அடுத்ததாகத் தோன்றியிருக்கிறது. விளைவு: பிளான்ட் ஹெட் பரசுராமன் பிரசிடென்ட் ஆனார். ஆறு மேனேஜர்கள் செனட் ஆனார்கள். லைன்களிலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துப் பிரதிநிதிகள் சபை ஆக்கினார்கள். குவாலிட்டி மேனேஜர் உச்ச நீதிமன்றம் ஆனார். அங்கே ஒன்பது நீதிபதிகள் உண்டென்பதால் இவருக்கும் ஒன்பது நாற்காலி போட்டார்கள். தீர்ப்பின் ஒவ்வொரு பத்திக்கும் அவர் எழுந்து மாறி உட்கார்ந்தார். ஹெச்.ஆர். வசந்தகுமார், சபாநாயகர் பதவியையும் பிரசிடென்டின் காரியதரிசிப் பதவியையும் தானே ஏற்றுக்கொண்டார். மீதியிருந்த பதவிகளையும் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

காண்ட்ராக்டில் இருந்த முந்நூறு பேருக்கு 'டெரிட்டரி' என்று பெயர். அவர்களுக்குக் கொடி வணக்கம் உண்டு, ஓட்டு கிடையாது. பாண்டிச்செல்வி ஒரு டெரிட்டரி.

திறப்புவிழாவில் வசந்தகுமார் கேன்டீனில் மைக் பிடித்தார்.

"ஃப்ரெண்ட்ஸ், இதுவரைக்கும் நீங்க சூப்பர்வைசர்கிட்ட ஒண்ணு கேப்பீங்க. அவர் ஒருத்தரா முடிவு பண்ணி இல்லன்னு சொல்லுவார். அது சர்வாதிகாரம். இனிமே அப்படி நடக்காது. இனிமே இல்லன்னு சொல்றதுக்கு மூணு தனித்தனி பிராஞ்ச் இருக்கு. ஒரு பிராஞ்ச் தப்பித்தவறி சரின்னு சொல்லிட்டாலும், மத்த ரெண்டும் உங்களக் கைவிடாது. இதுக்குப் பேருதான் செக்ஸ் அண்டு பேலன்சஸ்."

கைதட்டினார்கள். தட்டினால்தான் கேசரி.

மனு கொடுக்க வேண்டுமென்றால் முதலில் குடிமகனாக வேண்டும். குடிமகனாக வேண்டுமென்றால் ஆரஞ்சு நிறப் புத்தகத்திலுள்ள நூறு அமெரிக்க ஆட்சிச் சொற்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுத வேண்டும். காங்கிரஸ், செனட், வீட்டோ, கோரம், அமென்ட்மென்ட், இம்பீச்மென்ட் என்று வரிசையாக நூறு. தங்கமாரி பத்தாவதோடு படிப்பை விட்டவள். ஆனாலும் வயர் சொருகும்போதே நான்கு நாளில் நூறையும் சொருகிவிட்டாள். ராத்திரி அறையில் பாண்டிச்செல்வி கேள்வி கேட்பாள், இவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பதில் சொல்வாள்.

"கோரம்னா என்னக்கா?"

"கூட்டத்துக்கு வர வேண்டிய ஆளு வராம, வந்த ஆள வீட்டுக்கு அனுப்புதது."

"அமென்ட்மென்ட்?"

"நீ கல்யாணத்துக்கு மஞ்சப் பொடவ கேக்க. எங்கம்மா சரிங்கா. மஞ்சளுக்குப் பதிலு பச்சைங்கா. பொடவைக்குப் பதிலு துண்டுங்கா. அதான்."

நேர்முகத் தேர்வை வசந்தகுமாரே நடத்தினார். வீட்டோ என்றால் என்ன என்று கேட்டார். எல்லாரும் சரி என்று சொன்ன பிறகு ஒருத்தர் மட்டும் வேண்டாம் என்று சொல்வது, என்றாள் தங்கமாரி. அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பொருள் சரி, தொனியில் மரியாதை போதாது என்று ஒரு மார்க் குறைத்தார். தொண்ணூற்றொன்பது. கம்பெனியிலேயே அதிகம். பிரசிடென்டுக்கே அறுபத்திரண்டுதான் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

இப்படியாக 'மசோதா எண் ஒன்று: நான்காம் லைன் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்' பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் கை தூக்கி நிறைவேற்றினார்கள். சபாநாயகர் வசந்தகுமாருக்கு முகம் சுண்டிவிட்டது.

"இன்னா... என்னங்க இது, எதிர்க்கட்சியே இல்லாம ஒரு சட்டமா? ஒஹையோல சிரிப்பாங்க."

உடனே ஐடி கார்டுக் கயிற்றை மாற்றி ஆறு பேருக்குச் சிவப்பு, ஆறு பேருக்கு நீலம் கொடுத்தார். சிவப்பு எதிர்க்கட்சி. அதன் தலைவராகச் சாத்தான்குளத்து அந்தோணிராஜ் நியமிக்கப்பட்டான். அவன் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள்.

"சார், நானும் தங்கச்சிகூடப் பொறந்தவன். இத எப்படி சார் வாசிக்க?" என்றான் அவன்.

"வாசி. உனக்கு இது கொள்கை."

பாவம், வாசித்தான். "தாழ்ப்பாள் என்பது குடிமக்களின் அந்தரங்கத்தில் அரசு மூக்கை நுழைப்பதாகும். சுதந்திரமான கதவே சுதந்திரமான ஆலையின் அடையாளம்." வாசித்து முடித்துவிட்டுத் தங்கமாரியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். ஓட்டெடுப்பில் தன் பேச்சுக்கு எதிராகவே கை தூக்கினான். கட்சி தாவிவிட்டதாக அவன் மேல் விசாரணை நடந்தது.

மசோதா செனட்டுக்குப் போனது. அங்கே செக்யூரிட்டி மேனேஜர் தசரதன் எழுந்தார். ஆரஞ்சுப் புத்தகத்தில் 'ஃபிலிபஸ்டர்' என்று ஒரு சொல் உண்டு. அதாவது, எழுந்து பேச ஆரம்பித்த உறுப்பினரை யாரும் நிறுத்தக்கூடாது. அவர் பேசியே மசோதாவைச் சாகடிக்கலாம். தசரதனுக்குத் தாழ்ப்பாள் மேல் எந்தக் கோபமும் இல்லை. பேச விட்டால் பேசுவார், அவ்வளவுதான். தன் கல்யாணம், மாமனாரின் சர்க்கரை வியாதி, படப்பையில் வாங்கி ஏமாந்த மனை எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, கேட் ரிஜிஸ்டரை எடுத்து அன்றைக்கு உள்ளே வந்த லாரிகளின் நம்பர்களை வாசித்தார். இடையில் இரண்டு தடவை டீ வந்தது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, வெளியே போன லாரிகளை ஆரம்பிக்கும்போது தொண்டை கட்டிக்கொண்டது. ஜனநாயகம் தப்பித்தது.

ஆனால் அதற்குள் மற்ற ஐந்து செனட்டர்களும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு திருத்தம் எழுதிச் சேர்த்தார்கள். மேனேஜர்களின் கார்களுக்கு நிழற்கூரை, மீட்டிங் அறைக்கு சோபா, செனட்டுக்குத் தனி டிஃபன். ஒரு பக்க மசோதா நாற்பத்தொரு பக்கமாகக் கொழுத்து வந்தது. தங்கமாரி வாங்கிப் புரட்டினாள். தாழ்ப்பாள் முப்பத்தெட்டாம் பக்கத்தில், ஓர் அடிக்குறிப்பில் கிடந்தது. கிடந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டாள்.

அது பிரசிடென்டின் மேசைக்குப் போனது. பரசுராமன் கேன்டீனுக்கே வந்து, எல்லார் முன்னிலையிலும் வீட்டோ செய்தார். நல்ல மனுஷர், பேசும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

"தாழ்ப்பாளுக்கு நான் எதிரி இல்ல. என் வீட்டுலயே ஒம்பது இருக்கு. ஆனா யோசிங்க. இதுல நான் கையெழுத்துப் போட்டா இது ஒஹையோவுக்குப் போகும். அங்க ஒருத்தர் கேப்பார், ஏம்பா, இத்தன வருஷமா தாழ்ப்பாளே இல்லியா, நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு. ஒரு பிரசிடென்ட் தன் நாட்ட உலகத்துக்கு முன்னால தலைகுனிய வைக்கலாமா? வைக்கமாட்டேன். நாட்டுக்காக நாம எல்லாரும் கொஞ்சம் அடக்கிக்கணும்."

சிலர் அழுதார்கள். அடக்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு காரணத்துக்காக அழுதார்கள்.

தங்கமாரி தொண்ணூற்றொன்பது மார்க்காரி. வீட்டோவை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் முறியடிக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். முதலில் பிரதிநிதிகள் சபையில் பன்னிரண்டுக்கு எட்டுப் பேர் வேண்டும். எட்டுப் பேரும் தயார். ஆனால் கூட்டத்துக்கு வர அவர்கள் லைனை விட்டு நகர வேண்டும். நகர டோக்கன் வேண்டும். லைனுக்கு இரண்டு டோக்கன்; அதில் ஒன்று எப்போதும் யாருடைய அவசரத்திலாவது போயிருக்கும். முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். அடுத்த நாள் ஆறு. மூன்றாம் நாள் ஏழு பேர் வந்து, எட்டாவது ஆளுக்காகக் காத்திருக்க, நான்கு நிமிஷம் முடிந்து ஏழு பேருக்கும் மெமோ வந்தது. கோரம் இல்லை என்று வசந்தகுமார் மணியடித்தார்.

உச்ச நீதிமன்றமும் மிச்சம் வைக்கவில்லை. குவாலிட்டி மேனேஜர் ஒன்பது நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்து வாசித்த தீர்ப்பின் சாரம் இதுதான்: அமெரிக்க அரசியல் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை தேடிவிட்டோம், தாழ்ப்பாள் என்ற சொல் எங்கும் இல்லை; அதை எழுதிய முன்னோர்கள் பெண்கள் கழிப்பறையைப் பற்றிச் சிந்தித்ததற்கு ஆதாரமும் இல்லை. தீர்ப்பு ஒன்பதுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் ஒருமனதானது.

மறுநாள் பதினொரு மணிக்குப் பாண்டிச்செல்வி வயர் பலகை மேலேயே சாய்ந்தாள். உதடு வெடித்திருந்தது. தங்கமாரி அவள் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டப் போனபோது, அரை மயக்கத்திலும் அந்தப் பெண் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வேண்டாங்க்கா. குடிச்சா போகணும். போனா உனக்கு மூணாவது மெமோ."

தங்கமாரி அவள் தலையைப் பக்கத்துப் பெண்ணின் மடிக்கு மாற்றினாள். அப்படியே எழுந்து பிரசிடென்டின் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், முனிரத்தினம் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க. அஞ்சு நிமிசத்துல மாட்டிருவாக. அந்தப் பிள்ள செத்துரும் சார்."

பரசுராமன் நெஞ்சில் கை வைத்தார். "எனக்கு மட்டும் ஆசையில்லியாம்மா? ஆனா நான் ஒரு பிராஞ்ச். சட்டம் வேற பிராஞ்ச். செப்பரேஷன் ஆஃப் பவர்ஸ். ஒருத்தர் வேலைல ஒருத்தர் தலையிடக்கூடாது. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா நாடு தானா நடக்கும். நீ மொதல்ல லைனுக்குப் போ, மூணு நிமிஷம் ஆயிடுச்சு பாரு."

பாண்டிச்செல்வி மூன்றாவது குளுக்கோஸோடு தப்பித்தாள். ஆடி பிறந்து இரண்டாம் வாரம், இந்த ஜனநாயகத்தைக் கண்ணால் பார்ப்பதற்காக ஒஹையோவிலிருந்து துணைத்தலைவர் ஹால்வர்சன் அம்மையார் வந்தார். ஆறடி உயரம், எதற்கும் சிரிப்பு. நான்காம் லைன் முன்னால் மேடை போட்டு, கொடி கட்டி, பிரசிடென்ட் 'ஆலையின் நிலை' என்ற ஆண்டு உரையை ஆரம்பித்தார். அம்மையாருக்கு அதற்கு முன்பு விருந்து கொடுத்திருந்தார்கள். நண்டு மசாலா, மட்டன் சுக்கா, மரியாதைக்காக இரண்டு மடங்கு மிளகு. உரையின் எட்டாம் பக்கத்தில் அம்மையாரின் சிரிப்பு நின்றது. ஒன்பதாம் பக்கத்தில் எழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் கதவை நோக்கி நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அந்தக் கதவருகே டோக்கனோடு அப்போதுதான் வந்து நின்றிருந்தாள் தங்கமாரி. அம்மையார் உள்ளே போனார். கதவு 'ஙீ' என்று திறந்துகொண்டது. மறுபடி இழுத்துச் சாத்தினார். மறுபடி 'ஙீ'. தங்கமாரி மனுஷி. முதுகைக் கொடுத்து நின்றாள். உள்ளேயிருந்து நடுங்கிய குரலில் நன்றி வந்தது. அதோடு, தயவுசெய்து எங்கும் போய்விடாதே என்ற அர்த்தத்தில் ஏதோ வந்தது.

ஓடி வந்த பிரசிடென்ட், சபாநாயகர், செனட்டர்கள், உச்ச நீதிமன்றம் எல்லாரும் பத்தடி தள்ளி நின்று கூரையைப் பார்த்தார்கள்.

நான்கு நிமிஷம் முடியும் மணி அடித்தது. தங்கமாரி டோக்கனைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள்.

"சார், நான் லைனுக்குப் போறேன்."

"எங்க போற? அம்மா உள்ள இருக்காங்க. நில்லு" என்றார் பரசுராமன். அவர் குரல் கீச்சென்று வந்தது.

"எனக்கு ரெண்டு மெமோ இருக்கு சார். மூணாவது வந்தா கேட்டுக்கு வெளிய."

"மெமோ தரமாட்டோம். நான் சொல்றேன்."

"நீங்க சொல்லக்கூடாதுல்லா சார். மெமோ ஹெச்.ஆர். பிராஞ்ச். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கணும்னு நீங்கதான சொன்னிய."

"பார்டன், பார்டன்" என்று வசந்தகுமார் இடையில் விழுந்தார். "பிரசிடென்டுக்கு மன்னிக்கற அதிகாரம் இருக்கு. அறுபத்தேழாவது சொல்."

"இருக்கு சார். ஆனா நான் இன்னும் தப்பே செய்யலியே. செஞ்சப்பறம்லா மன்னிக்கணும்." அவள் குரலில் நக்கல் ஒரு துளி இல்லை. அதுதான் கொடுமை. "நீங்க வேணும்னா ஒரு மசோதா கொண்டாங்க. அந்தோணிராசு எதுத்துப் பேசுவான். தசரதன் சார் லாரி நம்பரு வாசிப்பாக. எட்டுப் பேருக்கு டோக்கன் மட்டும் குடுத்துருங்க."

சொல்லிவிட்டு முதுகை எடுத்தாள். கதவு 'ஙீ' என்றது. உள்ளேயிருந்து ஒரு அலறல். அடுத்த நொடியில் வல்லம் வடகால் கெட்டில்ரன் ஆலையின் பிரசிடென்ட் பரசுராமன் பாய்ந்து வந்து, அந்தக் கதவின் மேல் தன் கோட்டு முதுகைச் சாய்த்து நின்றார். கண்களை இறுக மூடிக்கொண்டார். கையிலிருந்த உரையின் மீதிப் பக்கங்கள் தரையில் பரவின.

மிளகு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம். ஏழு. பதினொன்று. இடையில் ஒருமுறை, வேறு யாராவது மாறி நில்லுங்களேன் என்று பரசுராமன் கெஞ்சினார். செனட்டர்கள் கூடிப் பேசினார்கள். இருக்கிற பிரசிடென்டை மாற்றுவதற்கு இம்பீச்மென்ட் ஒன்றுதான் வழி, அதற்குப் பிரதிநிதிகள் சபை முதலில் குற்றம் சாட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. நாற்பத்தாறு பெண்களும் வயரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து நான்காம் லைன் அப்படி நின்றதில்லை. நடேசன், "வேலயப் பாருங்கம்மா" என்று சொல்ல வாயைத் திறந்து, சிரிப்பு முட்டி, தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

பதினேழாவது நிமிஷம் அம்மையார் வெளுத்துப்போய் வெளியே வந்தார். கதவைப் பிடித்திருந்தது யார் என்று பார்த்தார். கதவைத் தடவிப் பார்த்தார். திருகாணி போட்ட நான்கு ஓட்டைகள் காலியாக இருந்தன. இது எத்தனை நாளாக என்று கேட்டார்.

வசந்தகுமார் முன்னால் வந்து, உன்னதமான ஆங்கிலத்தில், இது விவாதத்தில் இருக்கிறது, இருநூற்று முப்பது பக்க நடவடிக்கைக் குறிப்பு தயார், மூன்று பிராஞ்சும் மிக ஆரோக்கியமாக இயங்குகின்றன என்று விளக்கினார். அம்மையார் அவரைத் தாண்டி நடந்துபோய், கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்ற முனிரத்தினத்தின் முன்னால் நின்றார். மொழி இரண்டு பேருக்கும் பொதுவில்லை. விரலால் கதவைக் காட்டினார். முனிரத்தினம் தலையாட்டிவிட்டு ஸ்டோருக்குப் போனார்.

மூன்றே முக்கால் நிமிஷம். தங்கமாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். யாரும் கை தூக்கவில்லை, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. முனிரத்தினம் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, "அவ்ளோதான்" என்றார்.

மறுநாள் காலை ஷிஃப்ட். பாண்டிச்செல்வி ஒன்பது மணிக்கே முழு பாட்டிலையும் அண்ணாந்து குடித்து முடித்திருந்தாள். பத்து மணிக்கு டோக்கனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பழக்கதோஷம், தங்கமாரியும் கூடவே எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் தனக்கு அங்கே வேலையில்லை என்று உறைத்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

இரண்டு நிமிஷம் கழித்து நடேசன் வந்தார். காலியான இடத்தைப் பார்த்தார். பக்கத்தில் அமைதியாக வயர் சொருகிக்கொண்டிருக்கும் தங்கமாரியைப் பார்த்தார். பழக்கதோஷம் அவரையும் விடவில்லை.

"பாண்டிச்செல்வி எங்கம்மா?"

"உள்ள போயிருக்கா அண்ணே."

"உள்ளயா? நீ இங்க குந்திக்கினு கீற. அப்போ கதவ யாரு புடிச்சிக்கினு கீறாங்க?"

தங்கமாரி அடுத்த வயரை எடுத்தாள்.

"அவளே பூட்டிக்கிட்டா."